வேலிக்கு வீட்டு லைனைக் கொடுக்காதீர்கள்: கடலூர், புதுச்சேரி எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எலக்ட்ரீஷியன் தம்பிகளுக்கும், கம்பியாள் உதவியாளர் சான்றுக்காகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடலூர் டவுனிலும் கேப்பர் மலைப் பக்கத்து ஊர்களிலும் கம்பம் ஏறியவன் என்ற உரிமையில் உங்களைத் தம்பி என்று கூப்பிடுகிறேன். வீட்டில் நாயும் வளர்க்கிறேன். கரண்டும் தெரியும், நாயும் தெரியும் என்பதால், அக்கம்பக்கத்தில் யாராவது நாய்க்கு வேலி போட நினைத்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். சமீப காலமாக அந்தக் கேள்வி ஒரே மாதிரி வருகிறது. "நாய் வேலிக்குக் கீழே பள்ளம் பறித்து வெளியே போய்விடுகிறது. சுற்றி ஒரு கம்பி ஓட்டி லேசாக கரண்ட் விட்டால் போகாதாமே? எலக்ட்ரீஷியன் பையன் செய்து தருவதாகச் சொல்கிறான்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த மடல். வீட்டுக்காரருக்கு கரண்டைப் பற்றித் தெரியாது. போனில் ஏதோ வீடியோ பார்த்திருப்பார். கம்பி விற்கும் கடைக்காரர் எதற்கு என்று கேட்கப் போவதில்லை. மின்வாரியத்துக்கோ, ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி மின்துறைக்கோ, ஒரு சாவு விழுந்த பிறகுதான் விஷயம் தெரியும். நடுவில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். ஒயரின் முனையைச் சீவி அந்தக் கம்பியில் முறுக்கப் போகிற கை உங்களுடையது. அந்தக் கை செய்யாவிட்டால் வேலிக்குக் கரண்ட் போகாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வீட்டுக்குள் வந்தது என்று உங்களுக்கும் தெரியும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் பன்றிக்கு, கரும்புக் கொல்லையில் பன்றிக்கு, நெல் வயலில் எலிக்கு என்று ராத்திரியில் கம்பி கட்டி லைன் கொடுப்பதைச் சிலர் வெகுநாளாகச் செய்து வருகிறார்கள். காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரர் விழுந்து கிடந்தார் என்ற செய்தியைப் படிக்காத ஆள் நம் மாவட்டத்தில் இருக்க முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் இப்படிக் கட்டிய வேலியில் 3 யானைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. கூட வந்த 2 குட்டிகள் தப்பித்தன. யானையையே சாய்க்கிற அதே லைனைத்தான், செல்லமாக வளர்க்கும் நாய் வெளியே போகக்கூடாது என்பதற்காக வாசலைச் சுற்றி ஓட்டச் சொல்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாய் ரோட்டில் லாரியில் அடிபட்டுவிடும், யாரையாவது கடித்துவிடும், யாராவது விஷம் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயம். அவர்கள் கேட்கும் வழிதான் கொலைக்கு வழி.

வீட்டு லைனில் "லேசான கரண்ட்" என்று ஒன்று கிடையாது, தம்பி. கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 230 வோல்ட். ஈரமான உடம்பின் தடை சுமார் 1000 ஓம். ஓடுவது ஏறக்குறைய 230 மில்லி ஆம்பியர். 10 முதல் 15 மில்லி ஆம்பியரிலேயே தசை இறுகிப்போய், பிடித்த கையை விட முடியாது. 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஒரு சில நொடி ஓடினால் இதயத்தின் துடிப்பு தாறுமாறாகிவிடும். அதுவும் ஒரு முறை அடித்துவிட்டு விடுகிற அடி இல்லை. நொடிக்கு 50 சுழற்சி, இடைவெளியே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். விலகிப் போகத் தசைக்கு ஒரு கணமும் கிடைக்காது.

"எம்சிபி இருக்கே, விழுந்துடுமே" என்று வீட்டுக்காரர் சொல்வார். நீங்களே சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச், ஒயரைக் காப்பாற்ற வைத்தது. 16 ஆம்பியர் எம்சிபிக்கு கால் ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ஆள் செத்த பிறகும் அது நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கும். உயிரைக் காப்பாற்றுவது, மண்ணுக்குக் கரண்ட் கசிந்தாலே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஆனால் வேலிக் கம்பிக்கு லைன் கொடுத்த உடனே, புல்லிலும் ஈர மரக்குச்சியிலும் கசிகிற கரண்டுக்கே ஆர்சிசிபி விழுந்துவிடும். அப்புறம் என்ன செய்கிறார்கள்? ஆர்சிசிபிக்கு முன்னாலேயே, சில இடத்தில் மீட்டருக்கும் முன்னாலேயே தட்டி எடுக்கிறார்கள். இன்னும் சிலர் ராத்திரி கம்பத்து லைனில் கொக்கி போடுகிறார்கள். "இது ஆபத்து" என்று அந்தக் கருவி சொல்லிவிட்டது. அதன் வாயை மூடிவிட்டு வேலையை முடிக்கிறோம்.

இன்னொரு நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விவரம் தெரிந்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். சீரிஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டுவிட்டால் கரண்ட் குறைந்துவிடும், ஆபத்தில்லை என்கிறார்கள். அந்தப் பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். எரியாமல் குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஒரு 70 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயோ ஆளோ கம்பியைத் தொடும் நேரத்தில் பல்பு குளிர்ந்துதான் கிடக்கிறது. 1000 ஓம் உடம்போடு 70 ஓம் சேர்ந்து என்ன தடுக்கும்? தொட்ட கணத்தில் 215 மில்லி ஆம்பியர் ஓடும். பல்பு சூடாகித் தடை முழுசாக ஏறினாலும் 120 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்காது. கம்பி நேராக எர்த்தில் முட்டினால் பல்பு பிரகாசமாக எரியும், அதைப் பார்த்துத்தான் "பல்பு தாங்கிக்கொள்கிறது" என்று நம்புகிறார்கள். பல்பு தாங்குவது ஷார்ட்டை மட்டும். உயிரை அது தாங்காது. இன்வெர்ட்டரில் இருந்து எடுத்தாலும் இதே கதைதான். பேட்டரியில் இருந்து வந்தாலும் வெளியே வருவது அதே 230.

நாய்க்கு இது மனிதனைவிட மோசம். நாம் செருப்புப் போட்டிருப்போம். நாய் நான்கு வெறுங்கால்களை மண்ணில் ஊன்றிக்கொண்டு, ஈர மூக்கால் முதலில் தொடும். மூக்கில் ஏறி நான்கு காலிலும் இறங்கும், வழியில் நெஞ்சு இருக்கிறது. மழைத் தண்ணீரில் கம்பி அறுந்து கிடந்தால் தொடக்கூட வேண்டாம், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் உள்ள வோல்ட் வித்தியாசமே போதும். மழைக்காலத்தில் கம்பத்துக்குப் பக்கத்தில் மாடு விழுந்து கிடக்க, அதே இடத்தில் ஆள் தப்பித்த சம்பவங்களை லைனில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம்.

அதோடு முடிவதில்லை. நாய் கம்பியில் ஒட்டிக்கொண்டு ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் வளர்த்தவர்கள் யோசிக்க மாட்டார்கள். மெயினை ஆஃப் பண்ண வேண்டும் என்பது அந்த நொடியில் யாருக்கும் தோன்றாது. வெறுங்காலோடு ஓடிப்போய் நாயைப் பிடித்து இழுப்பார்கள். பெரும்பாலும் முதலில் ஓடுவது அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும், ஏனென்றால் நாய் பிள்ளையோடுதான் அதிகம் ஒட்டியிருக்கும். அவர்களைக் காப்பாற்ற ஒருவர், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று ஒரே வேலியில் இரண்டு மூன்று பேர் போகிற சாவுகள் இப்படித்தான் நடக்கின்றன. நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள்: முதலில் மெயின், அப்புறம்தான் கை. மெயின் தூரத்தில் இருந்தாலோ, லைனை மெயினுக்கு முன்னாலேயே தட்டியிருந்தாலோ, காய்ந்த கட்டையால் கம்பியைத் தள்ள வேண்டும். நாயையோ ஆளையோ தொடக்கூடாது.

நம் ஊர் மழையையும் மனதில் வையுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது அங்கே ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் இறங்கிக் கடலூர் ஓரத்துக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. முழங்கால் தண்ணீரில் ஜனங்கள் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு வீட்டின் நாய் வேலி லைனோடு கிடந்திருந்தால் என்ன ஆகும்? மின்வாரியம் புயலுக்கு முன்னால் ஃபீடரை, அதாவது பகுதிக்கு வரும் சப்ளை லைனை, நிறுத்துவது இதற்காகத்தான். ஆனால் சப்ளை திரும்ப வரும்போது, வேலிக்குத் தட்டிய லைனுக்கும் சேர்த்துத்தான் வரும். தண்ணீர் வடிந்ததா என்று அந்த ஒயருக்குத் தெரியாது.

சரி, மின்வேலியே கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. முறையான மின்வேலி வேறு சாதனம். அதை நீங்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், வாடிக்கையாளரிடம் "முடியாது" என்பதோடு நிறுத்தாமல் மாற்று வழி சொல்வதற்கு அது உதவும். தோட்டக்காரர்கள் சோலார் வேலி மெஷின் என்று சொல்கிறார்களே, எனர்ஜைசர், அதுதான். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். உள்ளே ஒரு கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்து, ஒரு நொடிக்கு ஒரு முறை, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு ஒரு துடிப்பை அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும்; அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இங்கே உயிருக்குக் கணக்கு வோல்ட் இல்லை, ஒரு துடிப்பில் எவ்வளவு ஆற்றல் போகிறது, எவ்வளவு நேரம் போகிறது என்பது. 500 ஓம் தடையில் ஒரு துடிப்புக்கு 5 ஜூலுக்கு மேல் போகக்கூடாது, இரண்டு துடிப்புக்கு நடுவில் ஒரு நொடியாவது இருக்க வேண்டும் என்று உலகத் தரமே சொல்கிறது. நம் நாட்டில் இதற்கு ஐஎஸ் 302 என்ற இந்தியத் தரத்தில் 2-76 என்ற பகுதி இருக்கிறது. நாய்க்கு அரை ஜூல் மெஷினே தாராளம். நடுவில் கிடைக்கும் அந்த ஒரு நொடியில் தசை தளரும், மிருகம் விலகும். வலிக்கும், ஆனால் பிடித்து வைக்காது. வீட்டு லைனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்த இடைவெளியில் இருக்கிறது.

போடுகிறவர்களும் தப்பாகப் போடுகிறார்கள். வேலியில் ஏற்கெனவே இருக்கும் முள்கம்பியிலேயே மெஷினை மாட்டிவிடுகிறார்கள். முள்கம்பிக்கு எந்த மெஷினும் கொடுக்கக்கூடாது. சிக்கிக்கொண்ட உயிர் விலக முடியாமல் துடிப்புக்கு மேல் துடிப்பு வாங்கும். வழவழப்பான ஜிஐ கம்பிதான் வேண்டும். மெஷினில் இருந்து வேலிக்கு நாம் வீட்டுக்கு இழுக்கும் சாதாரண ஒயரை மண்ணுக்குள் ஓட்டுகிறார்கள். அது 1100 வோல்ட்டுக்குச் செய்த ஒயர். எட்டாயிரம் வோல்ட் துடிப்பு அதைக் கிழித்துக்கொண்டு மண்ணில் கசிந்துவிடும், "மெஷின் வேலை செய்யவில்லை" என்று சொல்லிவிட்டு லைனைக் கொடுத்துவிடுகிறார்கள். வேலி மெஷினுக்கென்றே விற்கும் தடித்த கேபிள்தான் போட வேண்டும். பேட்டரி மெஷினைச் சார்ஜர் இல்லாமல் நேராக மெயினில் சொருகுவது கூடவே கூடாது.

எர்த் விஷயத்தில் நம் கரைக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. தேவனாம்பட்டினம், தாழங்குடா, அந்தப் பக்கம் வீராம்பட்டினம் மாதிரி மணல் பூமியில் கோடையில் மேல்மண் சுத்தமாக உலர்ந்துவிடும். எர்த் சரியில்லாவிட்டால் கம்பியில் எவ்வளவு வோல்ட் இருந்தாலும் நாய்க்கு ஒன்றும் தெரியாது. ஆறு அடி ராடு குறைந்தது மூன்று வேண்டும், ஒன்றுக்கொன்று பத்து அடி தள்ளி, ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து அடியுங்கள். அடிபம்புக்குப் பக்கத்தில் வசதியாக இருக்கும் என்று பார்க்காதீர்கள், வீட்டு எர்த்தோடும் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் 10 மீட்டராவது இருக்க வேண்டும். உப்புக் காற்றில் இன்சுலேட்டர் மேல் உப்பு படிந்து கசியும், கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் பேட்டரி இறங்கிவிடும். வாரம் ஒருமுறை புல் வெட்ட முடியாதவருக்கு இந்த வேலி சரிப்படாது, அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கம்பியை எங்கே ஓட்டுவது? ரோட்டுப் பக்கம் கூடாது. நாயை உள்ளே நிறுத்தத்தானே போடுகிறோம், அதனால் வேலிக்கு உள்பக்கம், ஒரு அடி தள்ளி. தரையில் இருந்து ஏழெட்டு அங்குலத்தில் ஒன்று, நாயின் மூக்கு உயரத்தில் இன்னொன்று. ரோமம் இருக்கும் முதுகில் பட்டால் நாய்க்கு அவ்வளவாகத் தெரியாது, மூக்கில் பட வேண்டும். மஞ்சள் எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள். கேட்டுக்கும் பின்பக்க வழிக்கும் கம்பி வேண்டாம், அங்கே பிள்ளைகள் நடமாட்டம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

மெஷினை ஆன் பண்ணிவிட்டு வந்துவிடாதீர்கள். முதல் ஷாக் எங்கிருந்து வந்தது என்று நாய்க்குப் புரியாது. அந்த நேரத்தில் எதிரில் ஒரு குழந்தை நின்றிருந்தால், குழந்தைதான் வலித்தது என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் அந்தக் குழந்தையைக் கண்டாலே சீறும். அதனால் முதல் சில நாள், மெஷின் ஆஃப்பில் இருக்க, கம்பியில் துணித்துண்டு கட்டி, கயிற்றில் பிடித்து வேலியோரம் நடத்த வேண்டும். துணியைக் கண்டதும் திரும்ப வேண்டும், திரும்பினால் ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் ஆன் பண்ண வேண்டும். குட்டிக்கும், கிழட்டு நாய்க்கும், ஏற்கெனவே பயந்த சுபாவமான நாய்க்கும் இந்த வேலி வேண்டவே வேண்டாம்.

இப்போது ஆன்லைனில் இன்னொன்று வாங்கி வைத்துக்கொண்டு பொருத்தித் தரச் சொல்கிறார்கள். மண்ணுக்குள் ஒரு ஒயர், நாய் கழுத்தில் ஒரு பட்டை. ஒயருக்குப் பக்கத்தில் போனால் பட்டை முதலில் பீப் அடிக்கும், அப்புறம் கழுத்தில் ஷாக் கொடுக்கும். அமெரிக்காவில் 1970-களிலேயே வந்த சாமான். கண்ணுக்கு வேலியே தெரியாது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நம் ஊருக்கு அதுதான் குறை. தெருநாய்க் கூட்டம் உள்ளே வர அதற்கு எந்தத் தடையும் இல்லை, பட்டை கட்டிய நாய் மட்டும் ஓட முடியாமல் மாட்டிக்கொள்ளும். தீபாவளி வெடிக்கோ, சாவு ஊர்வலத்தில் போடும் வெடிக்கோ மிரண்டு ஓடினால் ஷாக்கையும் வாங்கிக்கொண்டு தாண்டிவிடும்; பயம் தெளிந்து வீட்டுக்குத் திரும்பும்போது அதே ஷாக் வாசலிலேயே நிறுத்தும். புழுக்கத்தில் பட்டையின் முனை குத்தும் இடம் புண்ணாகிவிடும். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே நாய், பூனைக்கு ஷாக் பட்டை போடுவதைத் தடை செய்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அதைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

உண்மையில், பத்து வீட்டில் கேட்டால் எட்டு வீட்டுக்கு எந்தக் கரண்டும் தேவைப்படாது என்பதுதான் என் எண்ணம். நாய் ஏன் வெளியே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆண் நாயாக இருந்தால் பெரும்பாலும் பெட்டை தேடிப் போகிறது. கால்நடை மருத்துவமனையில் கருத்தடை செய்துவிட்டால் அந்த அலைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓடுவதற்கென்றே பிறந்த நாயை ஐந்து சென்ட் மனையில் அடைத்து வைத்து, காலையில் நடத்திக் கூட்டிப் போகாவிட்டால் அது என்ன செய்யும்? பள்ளம்தான் பறிக்கும். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டு ராத்திரி அவிழ்த்துவிடும் வீட்டு நாய் வேலி தாண்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவிலேயே, குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும், எப்போதும் கட்டிவைத்த நாயை நடமாட விடாமல் இருப்பதும் குற்றம் என்று இருக்கிறது.

பள்ளம் பறிப்பதற்குக் கை கண்ட வைத்தியம் ஒன்று உண்டு. டைமண்ட் வலையை வேலியின் அடியில் கட்டி, உள்பக்கமாக ஒன்றரை அடிக்கு மடித்துத் தரையில் பரப்பி, மண்ணைப் போட்டு மூடி, மேலே கல் வைத்துவிட வேண்டும். நாய் வேலியோரத்தில்தான் பறிக்கத் தொடங்கும். காலுக்கு வலை தட்டினால் விட்டுவிடும். நான்கு அடி தள்ளி நின்று பறிக்க அதற்குத் தோன்றாது. தாண்டிக் குதிக்கிற நாயாக இருந்தால், வேலியின் தலையில் உள்பக்கமாகச் சாய்த்து ஒரு அடி வலை. எங்கள் பக்கத்தில் கிளுவை வேலியும் பனைமட்டைப் படலும் இருக்கிற வீடுகளில் இந்த வலையை அடியில் கட்டியதோடு பிரச்சினை தீர்ந்திருக்கிறது. வெளியே போகிற மாடும் ஆளும் நாயின் கண்ணில் படாமல் படல் மறைப்பதால் குரைப்பும் குறைகிறது. இதுவும் ஒரு நாள் வேலைதான், தம்பி. இதற்கும் கூலி உண்டு. வலை கட்டத் தெரிந்த ஒரு கொத்தனாரையோ வேலி ஆளையோ கூடச் சேர்த்துக்கொண்டு நீங்களே எடுத்துச் செய்யலாம். கேட்டை ஒட்டி ஒரு எல்இடி விளக்கு, ஒரு நல்ல ஆர்சிசிபி என்று உங்கள் வேலையும் கூடவே வரும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் மாட்டுவது நீங்கள். கொக்கி போட்டாலும் மீட்டருக்கு முன்னால் தட்டினாலும் 2003 மின்சாரச் சட்டம் 135-ஆவது பிரிவில் மின்திருட்டு. ஆள் செத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆவது பிரிவில் கவனக்குறைவால் மரணம், 5 ஆண்டு வரை சிறை. சாவு வரலாம் என்று தெரிந்தே செய்தார்கள் என்று போலீஸ் கருதினால் 105-ஆவது பிரிவு, அது இன்னும் கடுமையானது. வீட்டுக்காரர் தனக்கு ஒன்றும் தெரியாது, எலக்ட்ரீஷியன் செய்தார் என்று சொல்லிவிடலாம். நீங்கள் அப்படிச் சொல்ல முடியாது. கையில் தகுதிச் சான்று இருக்கிறவருக்கு ஆபத்து தெரியாது என்று எந்தக் கோர்ட்டும் ஒப்புக்கொள்ளாது. மெஷின் வைத்த முறையான வேலிக்கும் தமிழ்நாட்டில் 2023-இல் தனி விதிகள் வந்திருக்கின்றன. பதிவு செய்ய வேண்டும், காட்டுக்குப் பக்கத்தில் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். தோப்பு, கொல்லை என்று போடும்போது வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள். முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்குள் இந்தத் தமிழ்நாட்டு விதிகள் செல்லாது என்பதால் அங்கே லைன் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மின்சாரச் சட்டமும் நியாய சன்ஹிதாவும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற கவலை உங்களுக்கு இருக்கும். தொழிலில் புதிதாக நிற்கும் பையனுக்கு ஒரு வீட்டை இழப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் மறுத்தால் அடுத்த தெருவில் இன்னொருவர் செய்துவிடுவார் என்பதும் தெரியும். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். உங்கள் சங்கத்தில் பேசுங்கள். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் எலக்ட்ரிகல் கடை வாசலில் காலையில் கூடி நிற்கிறீர்களே, அங்கே பேசுங்கள். வேலிக்கு லைன் இல்லை என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் வீட்டுக்காரர் யாரிடம் போவார்? கூடவே பல்புக் கணக்கை அவருக்கு ஒரு பேப்பரில் போட்டுக் காட்டுங்கள். தன் பிள்ளை அந்த வேலியோரம் விளையாடுவதை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் பேசிய வரையில், புரிந்த பிறகும் பிடிவாதம் பிடித்தவர்கள் மிகக் குறைவு.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது, அதை இந்த மழைக்கு முன்னால் செய்ய வேண்டும். உங்களில் யாராவது ஏற்கெனவே எங்காவது நாய்க்கோ பன்றிக்கோ லைன் கொடுத்திருந்தால், அந்த வீட்டுக்கு நீங்களே போங்கள். போய் மெயினை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, லைனைத் தட்டிய இடத்தில் இருந்தே ஒயரைக் கழற்றி எடுத்து வந்துவிடுங்கள். மீட்டருக்கு முன்னால் தட்டியதாகவோ கொக்கியாகவோ இருந்தால் மெயினை ஆஃப் செய்தாலும் லைன் நிற்காது; அப்போது கை வைக்காமல் லைன்மேனைக் கூப்பிடுங்கள். அங்கேயே சுருட்டி வைத்தால் யாராவது திரும்பச் சொருகிவிடுவார்கள். வீட்டுக்காரர் விடவில்லை என்றால் கடலூர்ப் பக்கம் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். புதுச்சேரிப் பக்கம் அந்தப் பகுதி மின்துறை இளநிலைப் பொறியாளர் அலுவலகத்தில் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் பகுதி லைன்மேனைக் கூட்டிப் போங்கள், வருவார். கடலூருக்குள் என்றால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற லைன் இன்ஸ்பெக்டர்,
கடலூர்